ஐந்தாவது நிலம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும்விடும். மதியம் சண்டை போட்ட ஆளிடமே சாயங்காலம் காபி வேணுமா என்று கேட்பேன். இந்த ஒரு கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. கோயில் வாசலில் அந்த சாரைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கோவில்பட்டியில் எங்கள் பங்குக் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் புதுநன்மை வாங்க வேண்டிய பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையை முதன்முதலாக வாங்கும் நாள் அது. வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுவர்த்தி, வீட்டில் பிரியாணி என்று அமர்க்களப்படும். அதற்காகக் கேள்வி பதில் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைப்பதுதான் வழக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘மீட்பு’, ‘அருள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையால் தொட்டால்தான் பிள்ளைக்கு ஏறும். அதனால் நாங்கள் மாவு பிசைந்து அப்பம் சுட்டோம். இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி ஒருவர் காலை ஒருவர் கழுவினோம். கழுவியது கொஞ்சம், தண்ணீரை வாரி அடித்தது நிறைய.

நாலு வகை நிலத்தில் விதை விழுவதாக இயேசு சொன்ன விதைப்பவர் உவமைக்கு, மிட்டாய்க் கம்பெனியில் கழித்துப் போட்ட தகரத் தட்டு ஒன்றை வாங்கி வந்தேன். பிள்ளைகள் கரிசல் மண்ணை அள்ளி வந்து தண்ணீர் ஊற்றிக் குழைத்து நிரப்பினார்கள். ஒரு மூலையை மிதித்து வழியாக்கினோம். ஒரு மூலையில் சரளைக்கல், ஒன்றில் வேலிக்கருவை முள், மீதி நல்ல நிலம். வேதத்தில் சொன்ன நாலும் ஆயிற்று. ஆனால் அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், அடித்த வெயிலில் மண் காய்ந்து தட்டு முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரிசல் வேறு என்ன செய்யும்?

கம்பு விதையைத் தூவியபோது கொஞ்சம் அந்த வெடிப்புக்குள் போய்விட்டது. விளாத்திகுளம் ரோட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளைதான் அதைக் கவனித்தாள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். பிள்ளை அதிகம் பேசமாட்டாள்.

“டீச்சர், இது அஞ்சாவது நிலம்” என்றாள்.

“இதுல விழுந்த விதை என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“கண்ணுக்குத் தெரியாது. ஆனா தொலைஞ்சு போவாது. எங்கம்மா சாவி மொளகாக் காட்டுல வெடிப்புக்குள்ள வுழுந்துட்டு. எங்கம்மா கை போவல. நாந்தான் கைய விட்டு எடுத்தேன்.” சொல்லிக்கொண்டே ரெண்டு விரலை விட்டு ஒரு கம்பு விதையை எடுத்து, நல்ல நிலத்தில் வைத்து மூடினாள். “இயேசுவும் இப்பிடி எடுப்பாருல்லா?”

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆமாட்டி, எடுப்பாரு என்றேன். அதைவிட நல்ல பிரசங்கத்தை நான் அந்தக் கோயிலில் கேட்டதில்லை.

புதுநன்மைக்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. மறைக்கல்விப் பொறுப்பாளர்தான் கேள்வி கேட்பார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எல்லோருக்கும் ‘சார்’. உவமையில் எத்தனை நிலம் என்று கேட்டார். என் பிள்ளை அஞ்சு என்றாள்.

“ஏட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லு. வேதத்துல நாலுதான எழுதியிருக்கு?”

“வெடிப்பும் இருக்கு சார்.”

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அஞ்சு. சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம். அவரோ அவளை வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “இவளுக்கு அடுத்த வருசம் பாப்போம். மண்ணுல வெளையாட விட்டா இப்பிடித்தான். நீங்களே அவ அம்மாட்ட சொல்லிருங்க.”

“நிப்பாட்டுனது நீங்க. நீங்களே சொல்லுங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பங்குச்சாமியிடம், அதாவது எங்கள் பாதிரியாரிடம், போனேன். நல்ல மனுஷர்தான், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “சார் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். பாப்போம்” என்றார். அவர் பாப்போம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

புதுநன்மை அன்று காலையில் கோயில் வாசலில் அம்மாவும் மகளும் வந்து நிற்கிறார்கள். பிள்ளை மேல் வெள்ளை உடுப்பு, தலையில் பூக்கிரீடம். “உடுப்பு கொஞ்சம் பெருசாப் போச்சு டீச்சர். பரவால்லயா?” என்று அம்மா கேட்டாள். அவளிடம் யாருமே சொல்லவில்லை! ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பிள்ளை கையில் கொடுத்து வரிசையில் நிறுத்தினேன்.

சார் ஓடி வந்தார். “இவ எப்பிடி வந்தா?”

“பஸ்ல வந்தா.”

அதற்குள் மணி அடித்து, பாட்டும் தொடங்கிவிட்டது. அவர் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சாமியின் காதில் என்னவோ சொன்னார்.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் நற்கருணையைக் கையில்தான் கொடுக்கிறார்கள். இடது கையை மேலே வைத்து, வலது கையால் எடுத்து உட்கொள்ள வேண்டும். வெறும் அப்பத்தை வைத்து எத்தனை ஞாயிறு பழகியிருப்போம்! சாமி வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். அவளிடம் வந்ததும், கைக்குழந்தைகளுக்குப் போடுவது போல நெற்றியில் ஒரு சிலுவை வரைந்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். அவளுக்குப் புரியவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி ஜெபிக்கிறார்கள், இவள் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வீடியோக்காரன் வேறு அதையும் படம் பிடிக்கிறான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அட பாவிகளா! ஒரு பச்சப்பிள்ளையை வைத்தா உங்கள் நாலையும் அஞ்சையும் நிரூபிக்க வேண்டும்?

நான் எழுந்து போனேன். அவள் தோளைப் பிடித்து, நற்கருணைக்கு வந்துகொண்டிருந்த பெரியவர்கள் வரிசையில் அவளோடு நின்றேன். சார் தூணருகே நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் முறை வந்தது. அவள் மறுபடியும் கையை நீட்டினாள். கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கினேன்.

“இவளுக்குக் குடுங்க சாமி.”

சாமி என்னைப் பார்த்தார், பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தாரா என்று தெரியாது.

“கிறிஸ்துவின் உடல்” என்று சொல்லி நற்கருணையை அவள் கையில் வைத்தார்.

“ஆமென்” என்றாள்.

அடுத்த ஞாயிறு என் வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தகரத் தட்டைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, சுவரில் நாலு படம் போட்ட சார்ட் ஒட்டியிருக்கிறார்கள். போகட்டும். புதுநன்மை அன்றைக்கு, வாங்கிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளை என் சேலையை இழுத்து மெதுவாக ஒன்று கேட்டாள். “டீச்சர், சாமி மொதல்ல ஏன் தரல?”

அது நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. அவள் இன்னும் ஞாயிறுதோறும் பூசைக்கு வருகிறாள், மூன்றாவது பெஞ்சில் அம்மா பக்கத்தில்தான் உட்காருவாள். சாரோ சாமியோ, யாராவது ஒருவர் போய் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.