மூக்கு போன பிறகு ஊற்றிய ஒயின்

காய்ச்சல் வந்து போனது. போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்று ரூமில் சமையல் முறை என்னுடையது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிக்கொண்டிருக்கிறது, நான் பக்கத்திலேயே நின்று போன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடன் தங்கியிருந்தவர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்னய்யா, மூக்க ஊர்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

வேறு வேலையில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். என் டியூட்டி, துபாய் ஹோட்டல் ஒன்றின் ஸ்பானிய உணவகத்தில் ஒயின் ஊற்றுவது. வருடக்கணக்கில் தட்டுத் தூக்கி, வகுப்பு, பரீட்சை என்று அலைந்து வாங்கிய இடம். பாட்டிலைத் திறந்து முதல் சொட்டை முகர்ந்து நான் தலையாட்டிய பிறகுதான் அது விருந்தாளியின் மேஜைக்குப் போகும். முகர முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை? அந்தப் பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாள் லேபிள் என்னைக் காப்பாற்றியது. ஸ்பெயின்காரர்கள் புண்ணியவான்கள், ஒயின் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதை வகை பிரித்து பாட்டிலிலேயே எழுதிவிடுவார்கள். ஹோவென் என்றால் இளசு, மரப்பீப்பாயைப் பார்த்தது கொஞ்சமாக இருக்கும், அல்லது பார்த்தே இருக்காது. ரியோஹா பகுதிச் சிவப்பு ஒயினில் கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு வருடம், அதில் ஒரு வருடம் பீப்பாயில். ரெசெர்வா என்றால் மூன்று வருடம். கிரான் ரெசெர்வா ஐந்து, அதில் இரண்டு பீப்பாயில். நிறமும் துணைக்கு வரும். இளசு நாவற்பழச் சாறு போலிருக்கும். வயது ஏற ஏற விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போகும். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினிலும் கண்ணே போதும். ஈஸ்ட் ஆடைக்கு அடியில் காற்றுப் படாமல் வளர்ந்த ஃபினோ வெளுத்திருக்கும், காற்றோடு பழகிய ஒலோரோசோ பழுப்பாக இருக்கும். கிரான் ரெசெர்வா என்ற பெயரைக் கேட்டதுமே பர்ஸைத் திறக்கும் ஆட்களிடம், அது வயதுக்கான பட்டம் மட்டும்தான், ருசிக்குச் சான்றிதழ் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். யார் கேட்கிறார்கள்?

ஆனால் லேபிள் ஒன்றைச் சொல்லாது. கார்க் கெட்டு, உள்ளே இருப்பதையும் கெடுத்திருந்தால் அதை மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். என் நாக்குக்குப் புளிப்பும் துவர்ப்பும் தெரிந்தன, அவ்வளவுதான். பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் கிளாசுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, ரசிப்பதுபோல நடித்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் நடிப்பைக் கண்டுபிடித்தவள், எங்களோடு பரிமாறும் யாழ்ப்பாணத்துப் பெண். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவள். ஒருநாள் நான் தலையாட்டிய பாட்டிலை மேஜைக்குக் கொண்டுபோகாமல் பாதி வழியில் திரும்பி வந்தாள்.

"அண்ணை, இது பழுதாப் போச்சு. ஈரத்தில ஊறின காட்போட் பெட்டி மாதிரி மணக்குது. உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையோ?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, திறந்த பாட்டிலைப் பேச்சுவாக்கில் அவள் பக்கம் நீட்டுவேன். சரியில்லை என்றால், "கொஞ்சம் பொறுங்கோ" என்பாள். நான் வேறு பாட்டில் எடுப்பேன். சில வாரங்கள் இப்படி ஓடின. பிறகு அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது.

"எத்தினை நாளைக்கு என்ர மூக்கை வச்சுச் சமாளிப்பியள்? மனேச்சரிட்டச் சொல்லுங்கோ, டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"நீ உன் வேலையப் பாரு."

அவள் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அடுத்த பாட்டிலையும் முகர்ந்துதான் பார்த்தாள்.

ஒரு மதியம், கடை திறப்பதற்கு முன், மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். கோவாக்காரர், நல்ல மனிதர். லேபிள் காட்டாமல் நான்கு கிளாஸ்களை என் முன் வைத்து, வகை சொல் என்றார். விளிம்பைப் பார்த்து, ஒரு வாய் பருகி, ஹோவெனிலிருந்து கிரான் ரெசெர்வா வரை நான்கையும் சரியாகச் சொன்னேன். கடைசிக் கிளாசை விருந்தாளிக்குக் கொடுப்பாயா என்று கேட்டார். கட்டாயம் என்றேன். காய்ந்த அத்திப்பழம், தோல், புகையிலை என்று வகுப்பில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பக்கத்தில் அந்தப் பெண் "கொஞ்சம் பொறுங்கோ" என்று முணுமுணுத்தது, முழுவதும் ஒப்பித்து முடித்த பிறகுதான் என் காதில் ஏறியது.

"பாய், யே கராப் ஹை," என்றார் மேனேஜர். கெட்டுப்போன பாட்டில் அது, எங்களைச் சோதிக்கவென்றே வைத்திருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். காய்ச்சல் வந்ததிலிருந்து என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. மூக்கு திரும்பியதும் வா என்று சொல்லி, அல் கூஸ் பகுதியில் இருக்கும் ஒயின் கிடங்குக்கு மாற்றினார். இங்கே லேபிள் போதும். கிரியான்சா ஒரு பக்கம், ரெசெர்வா ஒரு பக்கம் அடுக்க வேண்டும். டாக்டர் பொறுத்திருக்கச் சொல்கிறார். தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். அந்தப் பெண் போன் செய்து, "மணம் வந்திட்டுதோ, அண்ணை?" என்று கேட்பாள். வந்துவிடும் என்று சொல்லி வைக்கிறேன்.

போன வாரம் மதியம், வழக்கமான மூலையில் பெட்டிகள் மேல் முதுகைச் சாய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த நேபாளி டிரைவர் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பின்னால் கையைக் காட்டினார். எழுந்து பார்த்தேன். பாட்டில் ஒன்று உள்ளே ஒழுகி, பெட்டி ஊறி, அட்டை முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது. எத்தனை நாளாகவோ தெரியவில்லை. அதில் சாய்ந்துகொண்டுதான் நான் தினமும் சாப்பிட்டிருக்கிறேன்.