குளத்து மீனுக்கு இடித்த தூள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம். நாங்கள் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு முனிசிபலில் கால்வாய் வெட்டும் வேலை. என் மனைவி கடலோரத்தில் ஒரு கருவாட்டுக் கொட்டகையில் மீன் அறுக்கப் போவாள். அறுத்த மீன் உப்புக்குப் போகும். தலையும் குடலும் முள்ளும் கூடை கூடையாகக் கடலுக்கே திரும்பிப் போகும்.

“சாமி குடுத்தத இப்படிக் கொட்டுறாங்களே” என்று வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சீனர் கீரைத் தோட்டம் போட்டிருந்தார். முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துக் குளத்தில் ஜப்பான் மீன் விட்டிருந்தார். திலாப்பியாவுக்கு அப்போது அதுதான் பெயர். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் தாராளமாகப் போடுவார். ஆனாலும் மீன் தேறவில்லை. தலை மட்டும் பெருத்து, உடம்பு ஒட்டிப்போய் இருந்தது.

ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்த என் மனைவி, “மீன் தலைய அவிச்சு, காயவெச்சு, இடிச்சுப் போடுங்க தவுக்கே” என்றாள்.

அவர் பசார் மலாயில், அதாவது சந்தை மலாயில் பேசுவார். “மீனுக்குத் தொட்டுக்கச் சம்பலா தங்காச்சி? அப்புறம் சோறும் கேக்குமே!” என்று சிரித்தார்.

“தவிடு வயித்த நெரப்பும், அவ்வளவுதான். ஒடம்பு வளர சத்து வேணும்.”

“யாரு சொன்னா?”

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் கடலுக்குத் தூரத்தில், ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அரிசியும் இல்லை, மீனும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு மட்டும் கிடைத்தது. எங்களுடைய ஒரே பையன் அதை வயிறு நிறையத் தின்றான். பசி என்று அழுததே இல்லை. அப்புறம் கால் வீங்கியது, முகம் வீங்கியது, முடி செம்பட்டையானது. சாமி குற்றமோ என்று பயந்து நேர்ந்துகொண்டோம். மூன்று வயதில் போய்விட்டான். சண்டை முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, “வெறும் கிழங்குல சத்து இல்லம்மா. கொஞ்சம் மீனாவது சேந்திருந்தா பொழைச்சிருப்பான்” என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் கிழங்கு வந்ததில்லை.

தவுக்கே விளையாட்டாக ஒரு போட்டி வைத்தார். குளத்தின் நடுவே மூங்கில் தட்டி கட்டினார். இரண்டு பக்கமும் ஒரே அளவுக் குஞ்சு. அவர் பக்கத்துக்கு எப்போதும் போடுவது. அவள் பக்கத்துக்கு அதோடு மீன் தூளும்.

அவள் கொட்டகையிலிருந்து தலையும் குடலும் வாங்கி வருவாள். மண்ணெண்ணெய் டின்னில் வேகவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, சாக்கில் கட்டிப் பிழிந்து, தகரத்தில் பரப்பிக் காயவைப்பாள். மழை பிடித்துவிட்டால் அடுப்புச் சூட்டில் உலர்த்துவாள். பூசணம் பிடித்ததைப் போடவே மாட்டாள். அப்புறம் உரலில் இடித்துச் சலித்துத் தவிட்டோடு பிசைவாள். தெருவே நாறும். வெள்ளிக்கிழமை மட்டும் நாங்கள் கவிச்சி தொடுவதில்லை. அன்றைக்கு அவள் மீன்களுக்கும் வெறும் தவிடுதான்.

“உன் மீன் சாமி கும்புடுதா? நெத்தியில திருநீறு காணமே!” என்பார் தவுக்கே.

“கும்புடுது தவுக்கே. ஒங்க மீனுக்கும் சேத்துத்தான்.”

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் வலை போட்டோம். அவள் பக்கத்து மீன் என் கையைவிட அகலமாக, தடித்து வந்தது. தவுக்கேயின் பக்கத்தில் வந்தது அதில் பாதிகூட இல்லை.

“தோத்துட்டேன் தங்காச்சி! இனிமே என் மீனுக்கும் சம்பல்தான்!” என்று தவுக்கே தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

அவள் தன் மீன்களைப் பார்க்கவே இல்லை. தவுக்கேயின் பக்கத்து மீன் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் வயிற்றைத் தடவிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதுக்கும் வயிறு நெறஞ்சுதாங்க இருக்கு” என்றாள்.

தவுக்கே என்னைப் பார்த்தார். “என்னா தம்பி, ஜெயிச்சவ அழுவுறா?”

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: பையன், கிழங்கு, மூன்று வயது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தட்டியின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். சின்ன மீன்களை மறுபடி குளத்தில் விட்டோம். அவள் டின்னில் இருந்த தூளை முழுக்க அள்ளிப் போட்டாள்.

“ஒரு கைத் தூளு இருந்திருந்தாப் போதுங்க” என்றாள். “குப்பையில போறது.”

அன்று மாலை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள், “யாரு பேருக்கும்மா?” என்று கேட்டார்.

அவள் பையனின் பெயரைச் சொன்னாள்.

இறந்துபோனவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். குருக்களுக்குத்தான் அவன் இல்லை என்பது தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

“நட்சத்திரம்?”

அதையும் சொன்னாள். குருக்கள் உள்ளே போய் மணியடித்து, உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே அவன் பெயரையும் சொல்லிப் பூப் போட்டார்.