அலை கொண்டுவராத பை

நான் கலைப்பிரிவில் படித்தவன். இலங்கையில் தெஹியோவிட்டைப் பக்கத்து றப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லாததால், கண்ணாடி போட்டிருந்த என்னைப் பிடித்து விஞ்ஞான வாத்தியாராக்கிவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது.

அன்றைக்கு எட்டாம் வகுப்புக்கு அலைகள். புத்தகத்தில் சொல்லியிருந்த கண்ணாடித் தொட்டி எங்களிடம் இல்லை. பேக்டரிக்குத் தண்ணீர் தேக்கும் குளம் இருந்தது. பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி, ஒரு றப்பர் இலையை மிதக்கவிட்டுக் கல்லைப் போட்டேன். வட்டம் வட்டமாக அலை விரிந்தது. இலை நின்ற இடத்திலேயே ஏறி இறங்கியது.

“பாத்தீங்களா? அலைதான் போகுது, தண்ணி போகல. அலை சக்தியைக் கொண்டுபோகும், பொருளைக் கொண்டுபோகாது.”

சொன்ன அழகில் எனக்கே மயக்கம். அடுத்த கல்லுக்குக் குனிந்தேன். கக்கத்தில் இடுக்கியிருந்த சிலிசிலிப் பொலித்தீன் பை வழுக்கிக் குளத்தில் விழுந்தது. காற்று அதை நடுவுக்குத் தள்ளிவிட்டு ஓய்ந்தது.

பைக்குள், மறுநாள் காலை சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் அனுமதி அட்டைகள். மேசையில் வைத்தால் தொலைந்துபோகும் என்று கூடவே கொண்டுவந்திருந்தேன். அவ்வளவு கவனமான ஆள் நான்.

நீச்சல் தெரியாது. குளம் இரண்டு ஆள் ஆழம். பை ஒரு பக்கமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. விஞ்ஞான வாத்தியார் என்ன செய்தேன்? அலை கரைக்குக் கொண்டுவரட்டும் என்று பைக்கு அப்பால் கல்லெறிந்தேன். கை சோரும்வரை எறிந்தேன். பை மரியாதையாக ஏறி இறங்கியது. நகரவில்லை.

“சேர், அலை பொருளைக் கொண்டாராதுன்னு இப்பதானே சொன்னீங்க?” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அக்காவின் அட்டையும் அதில் இருந்தது. பரீட்சை எழுதாவிட்டால் அக்காவைக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்ப அப்பா பேசி முடித்திருந்தார்.

“அலை வேணாங்க சேர், தண்ணியவே போகவிடுங்க!” என்று மதகுக்கு ஓடினாள்.

நானும் ஓடினேன். இரண்டு பேருமாக மதகுப் பலகையை இழுத்தோம். அசையவில்லை. பேக்டரி வாட்சர் கத்திக்கொண்டு வந்தார்.

“நாளைக்கு பேக்டரிக்குத் தண்ணி ஏது? பெரிய தொரைக்கு யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேங்க. ஒரு கை பிடிங்க, கும்பிடுறேன்!” என்றேன்.

சிங்களத்தில் என் பரம்பரையை ஒரு தடவை விசாரித்துவிட்டு அவரும் பிடித்தார். பலகை கிளம்பியது. தண்ணீர் இழுத்த இழுப்பில் பாதி மூழ்கிய பை மெல்லத் திரும்பி, மதகு வாயில் வந்து சிக்கியது.

அட்டைகள் ஊறிப்போயிருந்தன. றப்பர் ஷீட் புகைபோடும் அறையில், ஷீட்டுகளுக்கு நடுவே பரப்பிவிட்டு இருமிக்கொண்டே காவல் இருந்தோம். மாலையில் அக்காக்காரி வந்தாள். அவள் பெயரில் பாதி கரைந்திருந்தது.

“இத ஏத்துக்குவாங்களா சேர்?”

“ஏத்துக்குவாங்க” என்றேன். எனக்கென்ன தெரியும்?

மறுநாள் பரீட்சை மண்டபத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் வாசலில் அக்காக்காரியின் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மோந்து பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். அவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு உட்காரச் சொல்லி ஒரு கதிரையைக் காட்டினார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற தங்கச்சிக்காரி கேட்டாள்:

“அடுத்த பாடம் என்னங்க சேர்?”

“வெப்பம்.”

“தீப்பெட்டிய எங்கிட்ட குடுத்துருங்க.”