சோப்புக் கட்டியில் ஒரு பொட்டு

போன வெள்ளிக்கிழமை ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனேன். தலவாக்கலையைத் தாண்டி அந்தப் பெரிய வளைவு வந்ததும், வழக்கம்போல ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அம்மாவைக் காணவில்லை!

பதறாதீர்கள். அம்மா தோட்டத்து லயத்து வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். காணாமல் போனது, போர்டில் இருந்த அம்மா.

அந்தப் பாதையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரத்தில் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு தகர போர்டு. தேயிலை விளம்பரம். முதுகில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். அது என் அம்மா என்று பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சொல்லிவிடுவேன். நம்பாதவர்கள்தான் அதிகம்!

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது வரையப்பட்ட படம் அது. கொழும்பிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். சிங்களவர். மேசனோ பெயின்டரோ, சிங்களக் கைவேலைக்காரர் யாரானாலும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். படத்துக்கு ஒரு பெண் வேண்டும் என்றார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அம்மாவைக் காட்டினார்.

அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். கூடையோடு நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? பாஸ் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், ஏணியில் நின்ற அவருடைய இடுப்புச் சாரம் நழுவப் பார்த்தபோதுதான் அம்மா சிரித்தாராம்.

படம் முடிந்த அன்று, வேலை விட்டு வந்த சனம் எல்லாம் போர்டுக்குக் கீழே. நானும் ஸ்கூல் பையோடு ஓடினேன். எங்கள் லயத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே! போர்டில் இருந்த எழுத்தைச் சத்தமாக வாசித்தேன். யார் கேட்டார்கள்? எல்லோரும் அம்மாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பாக, உருண்டையாக ஒரு பொட்டு!

பாஸைக் குறை சொல்ல முடியுமா? தமிழ்ப் பெண் என்றால் பொட்டு... அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எதிரே நின்றவளின் நெற்றி ஏன் வெறுமையாக இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கொதித்துப் போனார்.

"என்ன அண்ணி இது? அண்ணன் செத்து வருஷம் திரும்பல. ரோட்டுல பொட்டோட நின்னா சனம் காறித் துப்பாதா?"

"நானா வச்சேன்? கொழும்புக்காரரு வச்சாரு. அவரைக் கேளுங்க."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான் நாலெழுத்துப் படிச்சவளாச்சே. அழிக்கச் சொல்லு புள்ள."

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். விஷயம் புரிந்ததும் பாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். துணியை எண்ணெயில் நனைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பெயின்ட் இன்னும் காயவில்லை. ஒரு தேய்ப்புத்தான்...

அப்பாவின் கருமாதியில் அம்மாவின் பொட்டை அழித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு வராமலா இருந்திருக்கும்?

"நிக்கச் சொல்லுடி அவரை!"

கூட்டமே திரும்பியது. அம்மா கூடையை இறக்கி வைத்தார்.

"என் நெத்தியில ஒருக்கா அழிச்சீங்க. குனிஞ்சு குடுத்தேன். இன்னொருக்கா முடியாது."

"அண்ணி..."

"அவ வேற, நான் வேற தம்பி. அவ புருஷன் உசிரோட இருக்காரு போல. இருந்துட்டுப் போகட்டுமே!"

கூட்டத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "எபா" என்று பாஸைப் பார்த்துக் கத்தினேன் — வேண்டாம்! என் படிப்பு உருப்படியாக உதவிய முதல் நாள் அதுதான்.

சில மாதம் சித்தப்பா அந்த வளைவில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். அப்புறம்? வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு, "எங்க அண்ணி, பாருங்க" என்று அவரே காட்டினார். கூடாது என்று நாம் சொல்வதில் பாதி, கண்ணுக்குப் பழகாததுதான் போலிருக்கிறது.

இப்போது அந்த போர்டில் வெள்ளை வெளேரென்று ஒரு சோப்புக் கட்டி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"பொட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். திரும்பி வரும் வழியில் பஸ் அந்த வளைவில் மெதுவாகத் திரும்பியது. பழைய படத்தின் மேல் வெள்ளையை ஒரே ஒரு பூச்சு, அதுவும் மெல்லிசாக இழுத்து விட்டிருக்கிறார்கள். சோப்பின் நடுவில், மங்கலாக, சிவப்பாக, உருண்டையாக...

பெயின்ட்டில் மிச்சம் பிடித்த அந்த மகராசன் நல்லா இருக்கணும்!