சேவல் மார்பில் தெரிந்த ஆள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. என் வீட்டில், என் கண் முன்னால், பட்டப்பகலில்.

என் பெயர் எர்மீனியா. லா பாஸ் நகரத்தில் அலசிதா திருவிழாச் சாமான் விற்பவள். கட்டைவிரல் உயரத்தில் வீடு, கார், பயணப் பெட்டி... யாருக்கு எது வேண்டுமோ அதன் பொம்மையை வாங்கி, ஜனவரி இருபத்து நாலாம் தேதி உச்சிப் பொழுதில் புகை காட்டிச் சாராயம் தெளித்தால், அந்த வருஷமே நிஜமாகக் கைக்கு வரும். கல்யாணமாகாத பெண்ணுக்குப் புருஷன் கிடைக்கச் சேவல் பொம்மை. தானே வாங்கிக்கொண்டால் பலிக்காது. இன்னொருவர் கையால் கொடுக்க வேண்டும்.

அந்த வருஷம் நான் கடை போடவில்லை. செப்டம்பரில் என் கணவர் பாசிலியோ செத்துப்போயிருந்தார். அதிலிருந்து எனக்கு எதுவுமே உறைப்பதில்லை. சூப் நாக்கைச் சுட்டாலும் தெரியாது. அழுகைகூட வரவில்லை. எனக்கென்று மிச்சமிருந்தது கல்யாணமாகாத தங்கை நியேவெஸ் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் மட்டும் எந்நேரமும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்து நாலாம் தேதி காலையில் அவளே வந்து நின்றாள். திருவிழா முடிய இன்னும் நாள் இருக்கிறது, படம் எடுத்துப் போட்டால் போனிலேயே விற்றுவிடலாம் என்றாள். போன வருஷம் நான் எடுத்திருந்த படங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, சேவலா, அவிச்ச உருளைக்கிழங்கா?"

பீங்கான் சேவல் அது. பளபளவென்று இருக்கும். ஜன்னலோரம் வைத்து என் போனில் எடுத்தாள். சேவலின் மார்பில் ஜன்னல் தெரிந்தது. எங்கள் இரண்டு தலைகளும் தெரிந்தன. பின்னால் மூன்றாவதாக ஒன்று...

சுவரில் மாட்டின சட்டையாக இருக்கும் என்றாள். திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஒன்றும் இல்லை.

வெளிச்சம் அதிகம் என்று ஜன்னலில் வெள்ளைப் போர்வையைக் கட்டினாள். இப்போது வண்ணமெல்லாம் அழகாக வந்தது. அந்த மூன்றாவதும் அழகாக வந்தது. தோள். கழுத்து.

பக்கத்தில் வெள்ளை அட்டையை நிறுத்தினாள். நிழல் குறைந்தது. காது தெரிந்தது.

நியேவெஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாப்பிள்ளை வந்துட்டார்க்கா. உன் கையாலேயே சேவலக் குடு."

எனக்கு எதுவும் தோன்றவில்லை. கொடுத்தேன். தெருவில் மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அவள் புகை காட்டினாள். சாராயம் தெளித்தாள்.

இன்னும் ஒரே ஒரு படம் என்றாள். கறுப்புத் துணி கேட்டாள். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, அதன் பின்னால் நின்று எடுத்தால், எடுக்கிறவர்கள் பளபளப்பில் தெரிய மாட்டார்களாம். என்னிடம் இருந்தது துக்கச் சால்வை ஒன்றுதான். வருஷம் திரும்புமுன் அதில் கத்தரி படக் கூடாது; பட்டால் செத்தவர் திரும்பி வந்துவிடுவார் என்பார்கள். தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்தேன்.

வெட்டினாள். இருவரும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

க்ளிக்.

படத்தில் ஜன்னல் இல்லை. நாங்கள் இல்லை.

அவர் மட்டும் இருந்தார்.

நியேவெஸ் விரலால் பெரிதாக்கினாள். சிரிப்பு நின்றது.

"அக்கா... இது அத்தான்."

பாசிலியோவேதான். என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு வலித்தது. பயத்தால் இல்லை. பொறாமையால்.

அவள் சேவலைக் கைக்குட்டையில் சுற்றினாள். கோயிலில் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... அந்தச் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்டது. கனமாக. நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

நியேவெஸ் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. போலீஸில் சொன்னேன். ஆஸ்பத்திரியெல்லாம் தேடினேன். போனில் படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் வெறும் சேவல்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மேல்வீட்டு ருஃபினோ கதவைத் தட்டினார். அறுவடை வேலைக்கு அர்ஜென்டினா போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பியவர். வந்ததும் தம்பி வீட்டில் தங்கிவிட்டு அன்றுதான் இந்தப் பக்கம் வருகிறார். பாசிலியோ செத்தது அவருக்குத் தெரியாது. உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. மனசு கேக்கல, அதான் வந்தேன். அலசிதா அன்னிக்கு மத்தியானம் உன் வீட்டுக்காரரையும் உன் தங்கச்சியையும் கேபிள் கார் ஸ்டேஷன்ல பார்த்தேன். கை கோத்துக்கிட்டுப் போனாங்க."

தொப்பியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"கூப்பிட்டேன். அவர் திரும்பிச் சிரிச்சார். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டிருந்தா... கைய உதறிப் பாத்தா. அவர் விடல."