பச்சியப்பன் இறக்கிய லைன்

பச்சியப்பன் அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராக இருந்தார். எழுபத்து மூன்றாம் வருஷக் கோடை. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிப்போய், கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். சேலம் ஆபீஸிலிருந்து போன் வரும். சொன்ன லைனை இவர் இறக்கி, அந்தப் பக்கம் கரண்டை நிறுத்த வேண்டும். ஆனால் ஊர் ஜனம் மேட்டூரையா திட்டும்? பச்சியப்பனைத்தான் திட்டியது.

அவர் மனைவி கோவிந்தம்மாள் நசீருதீனின் சேகோ ஆலையில் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அங்கே கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து ஜவ்வரிசி செய்வார்கள். அரவை பாதியில் நின்றால் பால் புளித்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் போன் வந்தபோது ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்தது. அது பச்சியப்பனுக்குத் தெரியும்.

"சார், சாயந்தரமா இறக்கட்டுங்களா? ஆலையில கெழங்கு அரையுதுங்க."

"எல்லா ஊர்லயும்தான்யா அரையுது. இறக்கு."

போனை வைத்துவிட்டு ஸ்விட்ச் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மறுபடியும் மணி அடித்தது. இறக்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நசீருதீன் சைக்கிளில் வந்தார். முழங்கை வரை கிழங்கு மாவு காய்ந்திருந்தது.

"தொட்டி நெறய பால் நிக்குதுங்க. ஒரு மணி நேரம் வுட்டாப் போதும்."

"எங்கையில எதுவும் இல்லீங்க பாய்."

"தெரியுது. யாரைப் போய்க் கேக்கணும்னு சொல்லுங்க, அங்க போறேன்."

பச்சியப்பன் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். நசீருதீன் அதைக் குடித்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்தது. அதற்குள் பால் கெட்டிருந்தது. வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். ரோடெல்லாம் புளித்த நாற்றம். அந்தக் கோடையில் திரும்பத் திரும்ப இப்படியே ஆக, ரம்ஜானுக்கு முன்பே ஆலையை மூடிவிட்டார்கள். கோவிந்தம்மாள் ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைக்கப் போனாள்.

"நீ என்ன மாமா பண்ணுவ," என்றாள், சோறு போடும்போது. அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த மழைக்கு மேட்டூரில் தண்ணீர் ஏறியது. நாள் முழுக்கக் கரண்ட் இருந்தது. நசீருதீன் அதற்குள் மோட்டாரை விற்றுவிட்டு, கிருஷ்ணகிரியில் மச்சானுடைய ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். கோவிந்தம்மாள் ஜல்லிதான் உடைத்துக்கொண்டிருந்தாள்.