கயிற்று வீட்டின் வாசல்

கிண்ணியாவில் அபூதாஹிர் நானாவின் வளவுக்குள், வீடு கட்டும் மேசனாக முதன்முதலாகக் கால் வைத்தபோதே ஏச்சு வாங்கினேன்.

"மேசன், அது சுவர். சுவருக்குள்ளால வாறீங்களே! வாசலால வாங்க."

சுவராவது, வாசலாவது. வெறும் மணல். மூலைக்கு மூலை முளை அடித்துத் தும்புக் கயிறு கட்டியிருந்தார், அவ்வளவுதான். அறுபத்தாறாம் ஆண்டு அது. உப்புவெளியிலிருந்து பஸ் மாறி வந்த எரிச்சல் எனக்கு. ஆனாலும் திரும்பிப் போய், கயிறு கட்டாத இடைவெளியால் உள்ளே வந்தேன். அப்போதுதான் மனிதர் சிரித்தார்.

அவருக்குப் பாதையில் வேலை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கழியைக் கடக்கும் தட்டைப் படகைத்தான் நாங்கள் பாதை என்போம். பகல் முழுக்க ஊரை அக்கரை சேர்த்துவிட்டு, பின்னேரம் வந்து கயிற்றுக்குள் பாய் விரித்துப் படுப்பார். பக்கத்தில் ஓலைக் குடிசை இருந்தது. அது சமையலுக்கும் மழைக்கும் மட்டும். மனைவி ஸல்ஹா கயிற்றுக் குசினிக்குள் இருந்து கீரை ஆய்ந்தபடி, "கதவைச் சாத்துங்க, காத்து வருது," என்பார். இவரும் எழும்பிப் போய் இல்லாத கதவைச் சாத்திவிட்டு வருவார். மகள் ஜெஸீமாவுக்கு அப்போது ஏழு வயது. ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட அந்தப் பிள்ளை கயிற்றைத் தாண்டாது.

பைத்தியக்காரக் குடும்பம் என்றுதான் நினைத்தேன்.

"இஞ்ச ஒருக்கா படுத்துப் பாருங்க," என்றார் நானா ஒரு பின்னேரம். படுத்தேன். குடாவுக்கு அப்பால், துறைமுகத்துக் கப்பல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. "இதில ஒரு ஜன்னல். பதிவா, தாழ வைக்கோணும். படுத்தபடி கப்பல் தெரியோணும். அது போதும் எனக்கு."

எனக்கும் கண் சொக்கிவிட்டது. எழும்ப மனமே வரவில்லை.

ஒரு விறாந்தை, ஒரு அறை, ஒரு குசினி. கடனுக்கு ஒரு ஆணிகூட வாங்காத ஆள். ஒரு வருசம் அத்திவாரம். அடுத்த வருசம் பாலை மரத்தில் வாசல் நிலை மட்டும். சுவரில்லாமல் நிலை தனியே மணலில் நிற்க, வந்த சனமெல்லாம் அதற்குள்ளால் குனிந்து வந்தது. ஆடும் வந்தது. பிறகு வருசத்துக்கு ஒரு வண்டி கல். சீமெந்துக்குப் பெர்மிட் வந்த காலத்தில் நாலு மாதம் காத்திருந்து இரண்டு மூடை வாங்கினார். மழைக்கு முதல் மணல், மழை விட்ட பிறகு கல் என்று எதையும் நேரம் பார்த்துத்தான் இறக்குவார். ஒரு பிடி சாமான் நனைந்து வீணானதில்லை. படித்த முதலாளிமார் பாதியில் கைவிட்ட வீடுகள் எத்தனையோ பார்த்தவன் நான். இந்த மனிதரின் வீடு மெல்ல மெல்ல, ஆனால் நிற்காமல் வளர்ந்தது.

எழுபத்தேழில் ஜெஸீமாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசினார்கள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே குடிவருவான். தாய் தகப்பன் வளவில் ஒரு குடிலுக்கு ஒதுங்குவார்கள்.

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் எண்டவன் கூட, ரெண்டையும் ஒரே மாசத்தில செய்யச் சொல்லேல்ல நானா," என்று பகிடி விட்டபடி கடைசி ஓட்டைப் போட்டேன். கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. கூரையிலிருந்து பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். ஓலைக் குடிசை நின்ற இடம் கலியாணப் பந்தலுக்காக வெறும் மணலாகிக் கிடந்தது.

"குடிசையையும் உடைச்சாச்சு. நீங்களும் மனுசியும் எங்க படுக்கப் போறீங்க?"

பதினொரு வருசம் ஆணி ஆணியாக யோசித்த ஆள், ஏணியைப் பிடித்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அதை நான் யோசிக்கவே இல்ல மேசன். அந்த ஜன்னலடியிலதான் படுத்திருப்பன் எண்டு நினைச்சிட்டன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்மேல்தான். முளையைப் பார்த்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். விறாந்தையில் ஒரு பாயைப் போட்டால் என்ன என்றேன்.

"குடுத்த வீட்டில மாமன்காரன் குறுக்க படுக்கிறதா? ஏலாது. மகளுக்கு மட்டும் இது தெரியப்படாது," என்றார். கையில் காசு இல்லை. நாளும் இல்லை. உள்ளே குசினியில் சட்டி தேய்க்கும் சத்தம் நின்றிருந்ததை நான் கவனித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

கலியாணத்தன்று விடியவே போய்விட்டேன். வீட்டின் பின்னால், தென்னைக்குக் கீழே ஜெஸீமா மணலில் மண்டியிட்டிருந்தாள். கையெல்லாம் மருதோண்டிச் சிவப்பு. அந்தப் பழைய தும்புக் கயிற்றை எங்கிருந்து தேடி எடுத்தாளோ, முளை அடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் கயிறு. ஒரு பக்கம் இடைவெளி. குடாவைப் பார்த்த பக்கம், ஜன்னலுக்கு இரண்டு சின்ன முளை.

அபூதாஹிர் நானா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். அழுகிறாரா ஏசுகிறாரா என்று விளங்கவில்லை. மகளிடம் நேரே போகக் காலைத் தூக்கினார்.

"வாப்பா," என்றாள் அவள், நிமிராமலே. "அது சுவர். வாசலால வாங்க."

தூக்கிய காலைக் கீழே வைத்தார். சுற்றி வந்து, இடைவெளிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் என் செருப்பைக் கழற்றினேன்.